43 சதவீதத்தில் நின்ற கலியாணம்

செருப்பை வாசலில் விட்டுவிட்டு மெதுவாக வாங்க! உள்ளே ஒரு கலியாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. கீழே ஓடும் வயரில் யாருடைய காலாவது தடுக்கினால் மூன்று நாள் எடிட்டிங்கின் கடைசிப் படி போச்சு.

பள்ளிவாசல்துறையில் என் பெரியும்மா மகன், எனக்கு நானா, வீடியோ எடிட்டிங் செய்யும் அறை இது. முன்பு வலை போட்டு வைத்த அறை. சோளகக் காற்று அடித்தால் ஜன்னலைத் திறக்க முடியாது, மணலும் உப்பும் நேராக லெப்டொப்புக்குள் போகும். மூடினால் புழுக்கம். அதற்கு நானா ஒரு வழி வைத்திருக்கிறார். மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் லெப்டொப்பை வைத்து, பக்கத்திலிருந்து மேசை மின்விசிறியைப் பெட்டிக்குள் ஊதவிட்டிருக்கிறார். பெட்டியின் ஓட்டைகள் வழியே காற்று லெப்டொப்பின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு போகிறது. தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சி!

அந்த அறையில் ஒரு இரவு, மணி ஒன்பது. விடிகாலை நாலு மணிக்கு கட்டுநாயக்கவுக்கு வேன். கலியாணப் பெண்ணின் மாமா தோஹாவுக்குப் பறக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண்ணின் வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, மகளின் கலியாணத்தை அவர் பார்க்கவே இல்லை. அவருக்காக ஒரு பென்டிரைவ் போக வேண்டும். வீடியோ 1 மணி 50 நிமிடம். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் மொத்தம் 165,000 படங்கள்!

எக்ஸ்போர்ட் 10, 20, 40 என்று ஓடியது. 43இல் நின்றது. ஏதோ பிழை என்று ஒரு பெட்டி, அவ்வளவுதான். நானா திரும்பப் போட்டார். திரும்பவும் 43! எனக்கு வயிறு கலங்கியது. அவரோ கைதட்டினார்.

"ரெண்டு தரமும் ஒரே இடம் தம்பி. அப்ப ஆளப் பிடிச்சிரலாம்."

இதுதான் இந்தத் தொழிலின் ரகசியம், எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பெரும்பாலும் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும்: சூடு, நினைவகம் போதாமை, டிஸ்க் நிரம்பியது. ஒரே இடத்தில் நின்றால் குற்றவாளி டைம்லைனில்தான் உட்கார்ந்திருக்கிறான். 110 நிமிடத்தில் 43 சதவீதம் என்றால் ஏறக்குறைய 47ஆவது நிமிடம். நானா அங்கே போய் முன்னும் பின்னும் ஒரு நிமிடம் குறித்துக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் எக்ஸ்போர்ட் போட்டார். உடனே விழுந்தது. நிறத் திருத்தத்தை அணைத்தார், விழுந்தது. எழுத்தை அணைத்தார், விழுந்தது. ஒரு சின்ன கிளிப்பை மறைத்தார். பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது!

பன்னிரண்டு செக்கன் கிளிப். பெண்ணின் மச்சி போனில் எடுத்தது. மருதோன்றி போட்ட கைகள் மடியில், பின்னால் பெண்கள் பைத்துப் பாடுகிறார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நானா அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, பிரேம் பிரேமாக நகர்த்தினார். ஒன்பதாவது செக்கனில், இதோ! மேல் பாதியில் மணிக்கட்டும் வளையலும் தெளிவாக இருக்க, கீழ்ப்பாதி முழுக்கச் சதுரம் சதுரமாகப் பச்சை.

எச்.264 போன்ற முறைகளில் எல்லாப் படமும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடைக்கிடை ஒரு முழுப்படம், மற்றவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். ஒரு குறிப்பு உடைந்தால், அதை நம்பியிருக்கும் படங்களும் அடுத்த முழுப்படம் வரும்வரை கெடலாம். ஓடவிட்டுப் பார்க்கும்போது மென்பொருள் உடைந்ததைத் தாண்டி ஓடிவிடலாம், நம் கண்ணும் கவனிக்காது. எக்ஸ்போர்ட் அப்படி இல்லை, ஒவ்வொரு படத்தையும் திறந்தே ஆக வேண்டும். திறக்க முடியாத படம் வந்தால் நின்றுவிடும்.

சதவீதமே காட்டாமல் விழுந்தால்? டைம்லைனைப் பாதியாக வெட்டி எந்தப் பாதி விழுகிறது என்று பார், அதையும் பாதியாக வெட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 165,000 பிரேமில் கெட்ட ஒரே ஒரு பிரேமைப் பிடிக்க, அதிகம் போனால் 18 வெட்டு போதும். பதினெட்டே பதினெட்டு! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

இரவு பதினொரு மணிக்கு மச்சியை எழுப்பினோம். பாவம், தூக்கக் கலக்கத்திலேயே போனில் இருந்த மூலக் கிளிப்பை வட்ஸ்அப்பில் வீடியோவாக அல்லாமல் டொக்கியுமென்டாக அனுப்பினார். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி, தரத்தைக் குறைத்துவிடும். வந்த கிளிப் முழுசாக இருந்தது. இங்கே கொப்பி ஆனபோதுதான் எங்கோ உடைந்திருக்கிறது. ஆனாலும் நானா அதை அப்படியே டைம்லைனில் போடவில்லை. போன் கெமரா வெளிச்சம் குறைந்தால் பிரேம் வேகத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும், வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் என்று விலகிப்போக அதுவும் ஒரு காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, சீராக 25 பிரேமாக்கித்தான் உள்ளே எடுத்தார்.

முதல் காட்சியில் வரும் பெயர்களையும் காட்டினார். பாமினி எழுத்துருவில் அடித்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் புரொஜெக்டைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அதனால் பெயரை எப்போதும் படமாக மாற்றித்தான் வைக்கிறார்.

பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி எக்ஸ்போர்ட். 43... 44! கத்தியே விட்டேன், நானா என் வாயைப் பொத்தினார், உள்ளே பிள்ளைகள் தூக்கம்.

71இல் லைட் அணைந்தது. யூபிஎஸ் கீச் கீச் என்றது. எம்பி4 கோப்பின் பொருளடக்கம் வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும் என்று நானா இருட்டில் விளக்கினார். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அந்த அட்டவணை எழுதப்படாவிட்டால், 99 சதவீதம் முடிந்த கோப்பும் சாதாரணமாகத் திறக்காது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே! பள்ளிவாசல்துறை இருக்கும் இதே தீபகற்பத்தில் உள்ள 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையமும் அன்று நின்றது. நாடெங்கும் எத்தனை கலியாணங்கள் பொருளடக்கம் இல்லாமல் போயினவோ என்று நினைத்துக்கொண்டேன். கீச் சத்தம் நின்றது. லைட் வந்துவிட்டது. 72!

இரண்டு மணிக்கு முன்பே 100. பென்டிரைவில் போட்டோம், ஏற்க மறுத்தது. 32 ஜிபி பென்டிரைவ், கோப்பு 6.6 ஜிபிதான், இடமோ தாராளம்! ஆனால் அது ஃபேட்32 முறையில் இருந்தது, அதில் 4 ஜிபியைத் தொடும் எந்தக் கோப்பும் தனியாக ஏறாது. வேறு முறைக்கு மாற்றலாம், தோஹா அறையில் இருக்கும் டிவி அதைப் படிக்குமோ தெரியாது. நானா யோசிக்கவே இல்லை. மறுபடி எக்ஸ்போர்ட் செய்யாமல், முடிந்த கோப்பைச் சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் இடத்தில் இரண்டாக வெட்டினார். ஒவ்வொன்றும் 3.3 ஜிபி. ஏறியது! பிறகு கணினியை நம்பாமல் வீட்டு டிவியில் குத்தி, முதலும் நடுவும் முடிவும் ஓடுகிறதா என்று பார்த்தார்.

நாலு மணிக்கு மாமா பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பையையே ஊசியால் குத்திக்கொண்டார். வேன் பாலாவிப் பக்கம் போனது.

அன்றிரவு தோஹாவிலிருந்து ஒரு குரல் பதிவு. பெண்ணின் வாப்பா சலாம் சொல்லி, இரண்டு சொல் பேசி நிறுத்திவிட்டார். பின்னால் டிவி ஓடும் சத்தம் மட்டும். பெண்கள் பைத்துப் பாடுகிறார்கள். நானா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"47ஆவது நிமிஷம் தம்பி. தாண்டிட்டாங்க!"