கொல்ல முடியாத நிரல்

லினக்ஸ் கணினியில் ஒரு நிரல் அடம்பிடித்தால் கடைசியாகக் கையில் எடுப்பது 'கில் 9' கட்டளை. சாதாரண நிரல் எதுவும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் சில வேளைகளில் எத்தனை முறை அனுப்பினாலும் நிரல் அசையாமல் கிடக்கும். நிரல்களின் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 'டி' என்ற எழுத்து நிற்கும். குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

இந்த உறக்கத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வட்டிலிருந்து தரவு கேட்ட நிரலின் நினைவகத்தில் வட்டுக் கருவி நேரடியாக எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் நிரலைக் கொன்று அதன் நினைவகத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால், வந்துசேரும் தரவு அந்த இன்னொருவரின் வேலையைக் கெடுத்துவிடும். அதனால் பதில் வரும்வரை கொலைக் கட்டளையை இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிறுத்திவைக்கிறது. வழக்கமாக இது சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். வட்டிலிருந்தோ வலைப்பின்னல் வழியாகவோ பதில் வராமலே போனால்தான் சிக்கல்.

வட்டோ வலைப்பின்னலோ மட்டும் காரணமல்ல; நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தும் உறையலாம். மலேசியாவின் பேராக் மக்களுக்கு இதை ரயிலை வைத்தே சொல்லலாம். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று அங்கேதான், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. ரயிலின் ஒற்றைத் தடத்தில் ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. முதல் பகுதியைப் பிடித்த வண்டி இரண்டாவதைக் கேட்க, இரண்டாவதைப் பிடித்த வண்டி முதலாவதைக் கேட்டால், இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். 1960களில் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நிரல்களை முறைப்படுத்தத் தாம் வகுத்த கருவிக்கு ரயில் கைகாட்டியின் பெயரான 'செமஃபோர்' என்பதையே சூட்டினார். கெர்னலின் பூட்டுகளும் இதே விதியில்தான் இயங்குகின்றன. அங்கே விழும் முட்டுக்கட்டையைக் கொலைக் கட்டளை பெரும்பாலும் அவிழ்க்காது.

ஆகவே "எப்படிக் கொல்வது?" என்பதை விட்டுவிட்டு, "எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்க வேண்டும். ஒரு நிரல் 120 வினாடிக்கு மேல் இப்படி உறைந்தால், பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கெர்னலே பதிவேட்டில் எச்சரிக்கை எழுதுகிறது. 'புராக்' கோப்பகத்தில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழுள்ள 'ஸ்டாக்' கோப்பு, அது கெர்னலின் எந்தச் செயற்கூறில் நிற்கிறது என்று காட்டும். 'ஆல்ட்', 'சிஸ்ரிக்யூ', 'டபிள்யூ' விசைகளைச் சேர்த்து அழுத்த வழியிருந்தால், உறைந்தவை அனைத்தின் பட்டியலும் கிடைக்கும். பத்து நிரல்கள் ஒரே பூட்டுக்காக நின்றால், அவற்றை விட்டுவிட்டு அந்தப் பூட்டை வைத்திருப்பதைத் தேடுங்கள். குற்றம் அங்கேதான் இருக்கும். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் கணினியை மறுதொடக்கம் செய்தால் தடயம் அழிந்துவிடும்.

கெர்னலை எழுதுபவர்களும் சும்மா இருக்கவில்லை. காத்திருப்பைக் கலைத்தாலும் ஆபத்தில்லாத இடங்களில் கொலைக் கட்டளைக்கு மட்டும் எழுந்திருக்கும் புதிய உறக்கநிலையை 2008இல் சேர்த்தார்கள். அதற்கும் முன்பே, 2006இல், கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னாரின் 'லாக்டெப்' என்ற சரிபார்ப்புக் கருவி வந்துவிட்டது. ஓரிடத்தில் அ, ஆ என்றும் வேறோரிடத்தில் ஆ, அ என்றும் பூட்டுகள் பிடிக்கப்பட்டதைக் கண்டாலே அது எச்சரிக்கும். அவற்றைப் பிடித்த நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடியிருக்க வேண்டிய அவசியமில்லை. இன்னும் விழாத முட்டுக்கட்டையை வரிசையை மட்டும் பார்த்தே அது கண்டுபிடித்துவிடுகிறது.