எந்த வெள்ளைத் திட்டு ஆபத்தானது?

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தால் மேல் பரிசோதனை, சிகிச்சை. சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்ததை 2007-ல் வெளியான முடிவுகள் காட்டின. எளிய சோதனை, எத்தனை உயிர்கள்! ஆனால் வெறும் அழற்சியிலும் திட்டு வெளுக்கும். எது புற்றாகும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஹெச்.பி.வி. வைரஸ்தான் இந்நோயின் காரணி என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். வைரஸ் இருப்பதை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. பெரும்பாலான தொற்றுகள் தாமாகவே மறைந்துவிடும். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு தேவை. அதுவே உயிர்க்குறிப்பான்.

அதை எங்கே தேடுவது? மனிதரிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. புற்றுத் திசுவில் அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றின் செயல்பாடு ஏறியோ இறங்கியோ இருக்கும். மல்லிகை, வாழையிலை, தேங்காய் மூன்றின் விலையும் ஒரே நாளில் ஏறினால் முகூர்த்தம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம். மரபணு வலையமைப்பு ஆய்வும் அப்படித்தான்: பல நோயாளிகளின் திசுக்களில் சேர்ந்தே ஏறி இறங்கும் மரபணுக்களைக் கணினி குழுக்களாகக் கட்டுகிறது. இதற்கான புகழ்பெற்ற கணித முறையை பின் ஜாங்கும் ஸ்டீவ் ஹார்வத்தும் 2005-ல் தந்தார்கள். குழுவில் மிகுதியான தொடர்புகள் உள்ளதே மைய மரபணு.

கருப்பை வாய்ப் புற்றில் இப்படி அடிக்கடி சிக்குபவை சி.டி.கே.1, டி.ஓ.பி.2ஏ, எம்.சி.எம்.2 போன்றவை. எல்லாம் செல் பிரிவோடு தொடர்புடையவை. இங்கேதான் எனக்குத் தயக்கம். மார்பகம், கல்லீரல் என்று வேறு புற்றுகளிலும் இதே பெயர்கள் வருகின்றன. செல் வேகமாகப் பிரிகிறது என்ற செய்தி, எந்த நோய் என்பதைச் சொல்லாது.

மாறாக, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள பி16 புரதத்தைப் பாருங்கள். வைரஸின் ஈ7 புரதம், செல் பிரிவுக்குப் பிரேக்காக இருக்கும் ஆர்.பி. புரதத்தை முடக்கிவிடுகிறது. உடனே பி16 மளமளவென்று பெருகும். ஒயர் அறுந்த பிரேக்கைக் கால் விடாமல் மிதிப்பதுபோல. அடக்கச் சொல்லும் பி16-உம், பிரிவைக் காட்டும் கே.ஐ.67-உம் நலமான செல்லில் சேர்ந்து இருப்பதில்லை. சாயமிட்டுப் பார்க்கும்போது ஒரே செல்லில் இரண்டும் நிறமேறினால், வைரஸ் கட்டுப்பாட்டைக் கைப்பற்றிவிட்டது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு.

வலையமைப்பு தரும் புதிய பெயர்களுக்கு இந்தச் சோதனையை வைக்க வேண்டும்: திசுவில் நிறமேற்றி, அந்தப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால், மறைந்துபோன புண்ணையும் முற்றிய புண்ணையும் அது முன்கூட்டியே பிரித்துக் காட்டியிருக்கிறதா?