முந்திரிக் கன்றுகளுக்குத் தழைச்சத்து: அளவும் காலமும்

முந்திரி வளமற்ற மண்ணிலும் பிழைக்கும் மரம். ஆயினும் பிழைத்திருப்பது வேறு, பலன் தருவது வேறு. நட்ட முதல் நான்கு வருஷங்களில் கன்றுக்குக் கிடைக்கும் போஷணையைப் பொறுத்தே பின்னர் அது தரும் மகசூல் அமைகிறது.

புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டை அடுத்துக் கடலோரத்தில் இருப்பது கனகசெட்டிக்குளம். அங்கே கரையை ஒட்டியது மணற்பூமி. மேற்கே செல்லச் செல்லச் செம்மண் மேடு. இவ்விருவகை நிலங்களும் முந்திரிக்கு ஏற்றவை. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயல், கடலூர் ஜில்லாவின் முந்திரித் தோப்புகளைப் பெருமளவில் சாய்த்துவிட்டது. மரம் வீழ்வது ஒரு நொடி. அதன் ஸ்தானத்தில் மற்றொன்று முழுப் பலனுக்கு வரப் பல வருஷங்கள் செல்லும். ஆகவே கன்றைப் பேணுவதில் நேரும் பிழை, குடியானவருக்கு வருஷக் கணக்கில் நஷ்டமாகும்.

தழைச்சத்தின் வேலை

நைட்ரஜன் எனப்படும் தழைச்சத்தே இலைக்குப் பசுமையையும் தண்டுக்கு வளர்ச்சியையும் அளிப்பது. இது குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். கன்று குறுகி நிற்கும். இளந்தளிர்கள் மட்டும் வெளிறினால், அது பெரும்பாலும் இரும்பு, துத்தநாகம் போன்ற வேறு சத்துக்களின் குறைவாகும். அதற்கு யூரியா இடுவதால் பயனில்லை.

வேர் ஓடுவதற்கு மணிச்சத்தும், வறட்சியையும் நோயையும் தாங்குவதற்குச் சாம்பற்சத்தும் வேண்டும். ஆனால் யூரியா மலிவாகக் கிடைப்பதாலும், இட்ட சில நாட்களில் இலை கறுத்துச் செழிப்பதாலும், பலர் அதனை மட்டும் அள்ளி இடுகின்றனர். இதனால் மூவகைத் தீமைகள் விளையும். பாத்தியில் குவிந்த உரம் இளவேர்களைக் கருக்கிவிடும். அளவுக்கு மீறிக் கிளைக்கும் மென்தளிர்களைத் தேயிலைக் கொசு நாடி வந்து சாற்றை உறிஞ்சும். மூன்றாவது தீமை தோட்டத்தோடு நிற்பதில்லை; அது ஊர்க் கிணற்றை எட்டுகிறது.

மணலும் மழையும்

யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களில் அம்மோனியாவாக மாறும். மேலே தூவி மூடாமல் விட்டால் அதில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். எஞ்சியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட் ஆக்குகின்றன. களிமண்ணும் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை. மணலிலோ அது நீரோடு விரைவில் கீழிறங்கி நிலத்தடி நீரிற் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர விதி. அதிக நைட்ரேட் உள்ள நீரில் கரைத்த பால், ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களின் இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் சக்தியைக் குறைத்துவிடும்.

இக்கரையில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ‘பெஞ்சல்’ புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய மழைக்கு முந்திய தினம் இட்ட யூரியா மரத்துக்கு உதவாது.

இட வேண்டிய அளவு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதல் வருஷக் கன்று ஒன்றுக்குச் சிபாரிசு செய்வது: தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 70 கிராம், மணிச்சத்து 40 கிராம், சாம்பற்சத்து 60 கிராம். கடையில் வாங்கும் உரமாகக் கணக்கிட்டால்:

யூரியா (நூற்றுக்கு 46 பங்கு) — சுமார் 150 கிராம்
சூப்பர் பாஸ்பேட் (நூற்றுக்கு 16) — 250 கிராம்
மூரியேட் ஆப் பொட்டாஷ் (நூற்றுக்கு 60) — 100 கிராம்

இரண்டாம் வருஷம் இவற்றைப்போல் இருமடங்கு, மூன்றாம் வருஷம் மும்மடங்கு, நான்காம் வருஷம் நான்மடங்கு. ஐந்தாம் வருஷம் முதல் தொழு உரம் 50 கிலோவுடன், தழைச்சத்து 500, மணிச்சத்து 200, சாம்பற்சத்து 300 கிராம்.

மணிலாப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு தழைச்சத்து உண்டு. ஆகவே ஒரு கிலோ பிண்ணாக்கு, முதல் வருஷக் கன்றுக்கு வேண்டிய தழைச்சத்து முழுவதையும் மெல்ல மெல்ல அளிக்கும். பிண்ணாக்கு இடுவோர் அதற்குத்தக்கபடி யூரியாவைக் குறைக்க வேண்டும். தொழு உரம் சத்துக் குறைந்ததாயினும், மணலில் ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்கும் வேலையை அதுவே செய்கிறது.

இடும் முறை

கீழைக் கரையில் நவம்பர்–டிசம்பரில் உரமிடலாம் என்பதும், இயன்ற இடங்களில் ஜூன்–ஜூலையிலும் அக்டோபர்–நவம்பரிலும் இரண்டாகப் பிரித்து இடலாம் என்பதும் பொதுச் சிபாரிசு. மணற்பூமியில், பாய்ச்ச நீர் உள்ளவர்கள் தழைச்சத்தை மட்டும் நான்கு தவணையாக்குவது இன்னும் நன்று. அப்போது முதல் வருஷக் கன்றுக்கு ஒரு தவணைக்குச் சேரும் யூரியா நாற்பது கிராமுக்குள் அடங்கும். பெருமழை எச்சரிக்கை இருந்தால் தவணையைத் தள்ளிவைத்து, மழை ஓய்ந்தபின் ஈரத்தில் இட வேண்டும்.

புதிதாக நட்ட கன்று துளிர் விடுமுன் இரசாயன உரம் கூடாது. பின்னரும் தண்டை ஒட்டி இடாமல், இலைக்குடையின் ஓரத்திற்கு நேர் கீழே வட்டமாகக் கீறி, பரவலாகத் தூவி, மண்ணால் மூடி நீர் விட வேண்டும். இடைவெளியில் மணிலா, காராமணி, கொள்ளு விதைத்தால் அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கும். கொழுஞ்சியை மடக்கி உழுவதும் நலம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

யூரியாவை மட்டும் கடனாக வழங்காமல், மூவகை உரங்களையும் மேற்கண்ட விகிதத்தில் சேர்த்து வழங்குவது கூட்டுறவு சங்கங்களின் கடமை. மண்ணைப் பரிசோதிக்க அங்கத்தினர்கள் ஒன்றாக மாதிரி அனுப்பலாம். நாற்பது கிராம் யூரியா கொள்ளும் அளவில் ஒரு சிறு டப்பாவை அடையாளமிட்டு வீட்டுக்கொன்றாகக் கொடுத்தால், கைக்கணக்கு ஒழியும். கையால் அள்ளும்போது மிகுதியாகப் போவது தழைச்சத்து மட்டுமன்று. அங்கத்தினரின் கடன் பணமும் ஊராரின் குடிநீரும் அதனோடு போகின்றன.