உங்களுக்குத் தெரியுமா? துளையா, திறப்பா?

ஆரம்பநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையைச் சுற்றுத் திசுக்களோடு சேர்த்து அகற்றுவார்கள். இதைச் சிறு துளைகள் வழியே, லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோ உதவியுடனோ செய்தால் ரத்த இழப்பு குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம். அதுவே மேலான முறை என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகள் நம்பியது.

2018இல் வெளியான ‘லாக்’ ஆய்வு அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. பல நாடுகளைச் சேர்ந்த 631 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிக் கண்காணித்தார்கள். வயிற்றைத் திறந்து அறுவை செய்தவர்களில் 96.5 சதவீதம் பேர் நாலரை ஆண்டுகளுக்குப் பிறகும் நோயின்றி வாழ்ந்தார்கள்; துளை முறையில் 86 சதவீதம்தான். உயிரிழப்பும் துளை முறையில்தான் அதிகம். கருப்பையை அசைக்க உள்ளே செலுத்தும் கருவியும், வயிற்றில் நிரப்பும் கரியமில வாயுவும் புற்றணுக்களைச் சிதறவிடலாம் என்ற சந்தேகம் உண்டு, உறுதியாகவில்லை. தழும்பு சிறியது என்பதற்காக மட்டும் யாரும் துளை முறைக்குச் சம்மதிக்க வேண்டாம். எந்த முறை, ஏன் என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து, ஆழமாகவும் பரவாதிருந்தால், சுற்றுத் திசுக்களை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தாலே போதும் என்று 2024இல் வெளியான ‘ஷேப்’ ஆய்வு காட்டியது. அப்படிச் செய்தவர்களுக்குச் சிறுநீர்த் தொல்லைகளும் குறைந்தன.