வீட்டு நாய்க்கும் ஒரு தொண்டு வேலை

ஹாங்காங்கில் 1991ஆம் ஆண்டு ஜில் ராபின்சன் என்பவர், தாம் வளர்த்த மேக்ஸ் என்ற நாயை நோயாளிகளைப் பார்க்க அழைத்துச் சென்றார். மேக்ஸ் அதுவரை சாதாரண வீட்டு நாய்தான். அதிலிருந்து பிறந்ததுதான் 'டாக்டர் டாக்' திட்டம். பிறகு அது ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு அதை ஏற்று நடத்தியது.

நம் நாட்டில் இந்த எண்ணத்தை மக்களிடம் கொண்டு சென்றவர்களில் முக்கியமானவர் அந்தோணி தனசாயன். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் இவர், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற உறுப்பினராக இருந்தவர். மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியோருக்கும் விலங்குகளின் துணையால் நன்மை கிடைக்க வேண்டும் என்று 'பெட்பாசிட்டிவ்' சங்கத்தை வழிநடத்தினார். நம் இனத்தவர் ஒருவர் இதில் முன்னே நின்றது பலருக்குத் தெரியாது என்பதே எனக்கு வருத்தம்.

சிகிச்சை நாயையும் வழிகாட்டி நாயையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கண் பார்வையற்ற ஸ்டீவன்ஸ் சானுடன் 2014இல் செய்திகளில் வந்த லஷான், வழிகாட்டி நாய். எஜமானர் ஒருவருக்காகவே பயிற்சி பெற்று நாள் முழுதும் அவருடனே இருக்கும். சிகிச்சை நாய் அப்படியல்ல. நம் வீட்டில் உண்டு உறங்கும் நாய்தான் அது. மாதம் ஒன்றிரண்டு முறை நம்மோடு முதியோர் இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ போய், தடவிக் கொடுக்க விரும்புகிறவர்கள் பக்கத்தில் அமர்ந்துவிட்டு வீடு திரும்பும். சம்பளம் கிடையாது, நாய்க்கும் நமக்கும்.

இதனால் என்ன பயன்? நியூயார்க்கில் குழந்தை மனநல நிபுணர் போரிஸ் லெவின்சனைப் பார்க்க, யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையில் இருந்த அவரது நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்கியது. பையன் பயப்படவில்லை, அதைக் கட்டிக்கொண்டான். லெவின்சன் இதைத் தம் துறையினரிடம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஆனால் 2019இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை வைத்து ஆய்வு செய்தது. நாய், பூனைகளைப் பத்து நிமிடம் தடவி விளையாடியவர்களின் உமிழ்நீரில், மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறைந்திருந்தது. தேர்வு வாரத்தில் கோப்பியை மட்டும் நம்பும் நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் மணி இருக்கிறது. பழுப்பு நிற நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது பாசார் பக்கத்தில் கிடைத்தது. இதைப் படித்ததும் மணியால் முடியுமா என்று பார்க்க ஆசை வந்தது. "காவலுக்கு வளர்க்கிற நாய், ஊரார் மடியில் உட்காரப் போகுதா?" என்று அப்பா சிரித்தார்.

வெளிநாட்டு அமைப்புகளின் தேர்வு முறைகளைப் படித்தால், வித்தை காட்டுவதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. கை கொடுக்கவோ உருளவோ தெரிய வேண்டாம். அறிமுகமில்லாதவர் நெருங்கினால் மேலே தாவக் கூடாது. காது, பாதம் எல்லாவற்றையும் தொட விட வேண்டும். வார் இழுபடாமல் கூட்டத்தினூடே நடக்க வேண்டும். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் கடந்து போகும்போது மிரளக் கூடாது. பின்னால் தட்டு விழுந்தாலும் சீக்கிரம் அமைதியாகிவிட வேண்டும். வயது ஒன்றாவது நிறைந்திருக்க வேண்டும்.

இவற்றுள் மிகக் கடினமானது, கீழே கிடப்பதைத் தொடாமல் இருப்பது. முதியோர் இல்லத்தில் தரையில் விழுவது பிஸ்கட்டாக மட்டும் இருக்காது, இரத்த அழுத்த மாத்திரையாகவும் இருக்கலாம். "விடு" என்றதும் விட வேண்டும். நான் மணியின் முன் ரொட்டித் துண்டை வைத்து இரண்டு மாதமாகப் பழக்குகிறேன். இப்போது ரொட்டியை விட்டுவிடுகிறது. கருவாட்டை விடுவதில்லை.

உரிமையாளருக்கும் தேர்வு உண்டு. நாய் அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'போதும்' என்று அது சொல்லும் மொழி. அதைப் பார்த்தவுடன் எழுந்துவிட வேண்டும். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாயை இப்பணியில் ஈடுபடுத்த அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கொஞ்சுவது படத்துக்கு அழகு. நாய்க்கு எப்போதும் அப்படி இருப்பதில்லை.

பினாங்கில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம் அன்பர்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இல்லத்தில் பணிபுரியும் தாதியோ அடுத்த கட்டிலில் இருப்பவரோ முஸ்லிமாக இருக்கலாம். நம்மவர்களிலும் நாயைக் கண்டாலே நடுங்குகிறவர்கள் உண்டு. ஆகவே முன்கூட்டியே கேட்டு, தனி அறையிலோ வெளி முற்றத்திலோ, விரும்பி வருகிறவர்களை மட்டும் சந்திப்பதே முறை. அது மரியாதை, மரியாதை இல்லாத இடத்தில் சிகிச்சையும் நடக்காது.

தடுப்பூசியை மறக்கவே கூடாது. 2015இல் வடமாநிலங்களில் வெறிநாய்க் கடி நோய் பரவியபோது பினாங்கில் தெருநாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டன. மக்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. அன்று கொல்லப்பட்டவை பெரும்பாலும் மணியைப் போன்ற நாட்டு நாய்கள்தான். சிகிச்சைப் பணிக்கு வெளிநாட்டு உயர் இனம்தான் வேண்டும் என்பது கட்டாயமில்லை. தேர்வில் இனத்தைக் கேட்பதில்லை, குணத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மணிக்கு இப்போது பத்து மாதம் என்றார் கால்நடை மருத்துவர். தடுப்பூசி போட்டாயிற்று, மாநகர் மன்ற உரிமமும் எடுத்தாயிற்று. சமையலறையில் எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பார்த்தேன், காதை மட்டும் தூக்கியது. குடையை விரித்தால் இன்னும் நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிகிறது. மழைக்காலம் முடியும்வரை, தினமும் மாலையில் குடையை மெதுவாக விரித்து மடக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாதான் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.