பெட்டி வந்துவிட்டதா?

பாலாநகரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஒரு தனி மாலை. பட்டறையில் ஷிப்டு முடிந்து, கையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகுமுன்பே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரயிலுக்கு ஓடுகிறவர்கள் நம்மில் அநேகர். இரவு முழுவதும் பயணம், விடிந்தால் சென்னை. சனிக்கிழமை உறவினரோடு, ஞாயிறு காலை ஆராதனை, மாலையில் மறுபடியும் இரயில். 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே வார இறுதியில் போய்த் திரும்புவது வீண்செலவு என்று சொல்பவர்களும் உண்டு. ஊரில் வயதானவர்களை விட்டுவிட்டு வந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நான் மாதம் ஒருமுறை போவது அம்பத்தூரிலிருக்கும் என் பெரியப்பாவைப் பார்க்க. வயது 85. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1971-இல் ஞானஸ்நானம் பெற்று, பின்பு பிழைப்புக்காக அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வந்தவர். என்னை உளி பிடிக்கப் பழக்கி, பாலாநகருக்கு இரயிலேற்றி விட்டவரும் அவர்தான். 1968-இல் இங்கே தொடங்கப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனத்தைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். 'அந்த ஊரில் கை வேலைக்கு மரியாதை உண்டு, போ' என்றார். அவர் சொன்னது பொய்க்கவில்லை.

இரண்டாண்டுகளாக அவருடைய ஞாபகம் தளர்ந்துகொண்டே வருகிறது. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லை. உடன் வைத்துப் பராமரிக்கும் சொந்த மகளை, என் அக்காளை, சில நேரங்களில் 'நீங்கள் யார் அம்மா?' என்று கேட்கிறார். சென்ற முறை நான் உள்ளே நுழைந்ததும் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, மிகுந்த கவலையோடு கேட்டார்: "மிஸ்ஸியம்மா பெட்டி வந்துவிட்டதா?"

எனக்கு விளங்கவில்லை. அக்காளின் முகம் சிவந்துவிட்டது. அன்று மாலை சபையிலிருந்து இரண்டு மூப்பர்கள் ஜெபிக்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னிலையில் இப்படி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

பெரியப்பா இரட்சிக்கப்படுவதற்கு முன் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். இது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. 18 வயதில் டூரிங் டாக்கீஸில் உதவியாளாகச் சேர்ந்து, பின்பு நிரந்தரத் திரையரங்கில் தலைமை ஆபரேட்டராகி, தண்ணீரில் முழுகி எழுந்த மறுநாளே சம்பள பாக்கியைக்கூடக் கேளாமல் வேலையை விட்டார். இனி கொட்டகை வாசல் மிதிப்பதில்லை என்று பொருத்தனை செய்தார். அதை இம்மட்டும் காத்திருக்கிறார். நம் சபைகளில் முந்தைய தலைமுறையார் சினிமாவை எப்படி எண்ணினார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நகையைக் கழற்றியதுபோல அதையும் கழற்றி வைத்தார்கள். ஆனால் நகையைக் கழற்றியவர் தட்டானாகவே இருந்திருந்தால்? அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்தக் காலத்துக் கொட்டகை வேலை இலேசானதன்று. மூன்று மணிநேரப் படம் என்றால் 16 ஆயிரம் அடிக்கு மேற்பட்ட பிலிம். ஆயிரம் அடி ஓட ஏறத்தாழ 11 நிமிடம். அதைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, ஓர் ஊரில் ஓடி முடிந்ததும் பேருந்திலோ இரயிலிலோ அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். பெட்டி வந்து சேரவில்லையென்றால் அன்றைக்குக் காட்சி இல்லை. காசு கொடுத்து மணலில் உட்கார்ந்திருக்கும் ஜனம் சும்மா இராது. டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர்தான். ஆகையால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. நிரந்தரக் கொட்டகையில் இரண்டு இருக்கும். ஒன்றில் ரீல் முடியும் கணத்தில் மற்றது தொடங்கவேண்டும். பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. இதற்காகவே பிலிமில் ரீல் முடிவதற்குச் சுமார் எட்டு விநாடிக்கு முன் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு சிறு பொட்டு தோன்றும்; அப்பொழுது இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரைப் போடவேண்டும். ஏறக்குறைய ஏழு விநாடி கழித்து இரண்டாவது பொட்டு, உடனே மாற்றவேண்டும். இதற்கிடையில் விளக்கு வேறு. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கிடையே எரியும் மின்பிழம்புதான் வெளிச்சம். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். சற்று அசந்தால் திரை மங்கிவிடும். ஆகவே ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை. வலது மூலையையும் விளக்கையும் மட்டுமே பார்ப்பார்.

பாலாநகருக்குத் திரும்பிய பின்பு, எங்கள் வீட்டுக்கூட்டத்துக்கு வரும் தெலுங்கு மூதாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மிஸ்ஸம்மாவா!" என்று அவர் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த படத்தில் கதாநாயகன் என்.டி. ராமராவ்; பெரியப்பாவின் படத்தில் ஜெமினி கணேசன். இரண்டிலும் மேரி என்ற கிறிஸ்தவப் பெண்ணாக வருபவர் சாவித்திரியே. சென்னை வடபழனியில் விஜயா நிறுவனத்தார் இரு மொழிகளிலும் ஒருங்கே எடுத்து, 1955 ஜனவரியில் பொங்கலையொட்டி இரண்டு நாள் இடைவெளியில் வெளியிட்டார்கள். மேரி வேடத்துக்கு முதலில் பி. பானுமதியே ஒப்பந்தமாகியிருந்தார், தயாரிப்பாளரோடு ஏற்பட்ட மனக்கசப்பில் அவர் விலக, இரண்டாம் வேடத்துக்கு இருந்த சாவித்திரிக்கு அந்த இடம் கிடைத்தது. இயக்கியவர் எல்.வி. பிரசாத். நம் முதியவர்களைக் கண் காட்ட பஞ்சாரா ஹில்ஸுக்கு அழைத்துப் போகிறோமே, அந்தக் கண் மருத்துவமனை இவர் பெயரால் வழங்குவதே. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தில் சிறு வேடத்தில் நடித்தவரும் இவர்தான். அந்தப் படத்தின் பிரதி இன்று எங்குமில்லை.

கதை வேடிக்கையானது. தம்பதிகளாக இருந்தால்தான் வேலை என்று ஒரு பள்ளிக்கூடம் விளம்பரம் செய்கிறது. கடன் நெருக்கடியிலிருக்கும் மேரியும் வேலையற்ற வாலிபன் ஒருவனும் கணவன் மனைவியாக நடித்து அங்கே சேருகிறார்கள். அந்தப் பள்ளியின் உரிமையாளர் சிறு வயதில் தொலைத்துவிட்ட மகளே மேரி என்பது கடைசியில் வெளிப்படுகிறது. தொலைந்த பிள்ளையை எடுத்து வளர்த்த கிறிஸ்தவப் பெற்றோருக்கு முடிவில் என்ன மிஞ்சியது என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன், படம் அதற்கு அதிகம் நிற்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் என் மனைவியோடு வாக்குவாதம். படத்தைக் கைப்பேசியில் கொண்டுபோய்ப் பெரியப்பாவுக்குக் காட்டலாம் என்றேன். "ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்த பொருத்தனையை அவருக்குப் புத்தி தெளிவில்லாத நேரத்தில் நீங்கள் உடைப்பீர்களா?" என்றாள். நியாயமான கேள்வி. கொட்டகை வாசல்தானே மிதிப்பதில்லை என்றார், கைப்பேசிக்கு வாசல் ஏது என்று நான் சொன்ன பதில் எனக்கே அற்பமாகத் தோன்றியது. மருத்துவர் ஒருவரிடம் விசாரித்தேன். இந்த நோயில் அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும். இளமைக்கால நினைவுகளும் கை பழகிய வேலைகளும் நெடுநாள் நிற்கும். அவற்றைத் தூண்டினால் மனம் அமைதிப்படுவதும் உண்டு என்றார். முடிவை அக்காளிடமே விட்டுவிடுவதென்று இரயிலேறினேன்.

சனிக்கிழமை மதியம் கைப்பேசியை மேசைமேல் டம்ளரில் சாய்த்து வைத்தேன். அக்காள் சமையலறையில் நின்றாள். வேண்டாமென்றும் சொல்லவில்லை, வந்து உட்காரவும் இல்லை. முதல் பத்து நிமிடம் பெரியப்பா திரையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பின்பு நிமிர்ந்தார். சாவித்திரியையோ தங்கவேலுவையோ அவர் பார்க்கவில்லை. கண்கள் வலது மேல் மூலையில் நின்றன. அந்தப் பிரதியில், யாரோ எப்பொழுதோ ஒரு பழைய ரீலிலிருந்து எடுத்ததனால், பொட்டு இன்னும் இருந்தது. அது தோன்றிய கணத்தில் அவருடைய இடதுகை எழுந்தது. உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று உணர்ந்தேன். இரண்டாவது பொட்டு. வலதுகை காற்றில் எதையோ இழுத்து விட்டது. காட்சி மாறியது. அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகக்கூட நடுங்கும் அந்தக் கைகள் அப்பொழுது நடுங்கவில்லை.

சமையலறையில் விம்மல் கேட்டது. மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று நான் எண்ணியது தவறு.

அக்காள் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் சிநேகிதிகளோடு சினிமாவுக்குப் போயிருக்கிறாள். படம் 'கருணாமூர்த்தி'. 1978-இல் தெலுங்கில் 'கருணாமயுடு' என்று வந்து, தமிழிலும் இந்தியிலும் பேசவைக்கப்பட்ட இயேசுவின் வரலாறு. 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' எடுத்த ஏ. பீம்சிங் இயக்கிய படம். வெளிவருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். "இயேசப்பா படம்தானே என்று போனேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா இடுப்பு வாரால் அடித்தார். சில ஆண்டுகள் கழித்துக் கிராம ஊழியத்துக்குப் போகும் குழுவொன்று இதே படத்தைத் திரையிட்டுக்கொண்டிருந்தது. அக்காலத்தில் நாடெங்கும் ஊழியர்கள் அப்படிச் செய்தார்கள். அவர்களுடைய 16 எம்.எம். புரொஜெக்டர் பழுதாகி, பெரியப்பாவைத் தேடி வந்தார்கள். போனார். சரிசெய்தார். படம் ஓடி முடியும்வரை இயந்திரத்தின் அருகே திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து அக்காளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவருக்குப் பிடித்திருந்தது தம்பி. அத்தனை வருஷமும் பிடித்திருந்தது. என்னை மட்டும் ஏன் அடித்தார்?"

என்னிடம் பதில் இல்லை. பிடித்ததை விட்டவனுக்கே, பிள்ளை அதன் பக்கம் போகும்போது அதிக பயம் வரும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அடிபட்டவளிடம் அடித்தவருக்காக வாதாடுவது எளிது, ஆனால் அது முறையன்று.

உள்ளேயிருந்து பெரியப்பா கூப்பிட்டார். இம்முறை அவளுடைய பெயரைச் சொல்லி. இருவரும் ஓடினோம். ரீல் அறுந்துவிட்டதாகச் சொன்னார். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்து திரை இருண்டிருந்தது. "ஜனம் சத்தம் போடும் முன் ஒட்டவேண்டும். பிசின் எடு" என்றார். அக்காள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சார்ஜர் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, வாய்க்கருகே கொண்டுபோய் ஊதித் தூசு தட்டி, பொருத்தமான துவாரத்தை அவளே காட்ட, செருகினார். வெளிச்சம் வந்தது.

ஞாயிறு ஆராதனைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். முந்தின நாள் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. பாடல் வேளையில் கை தட்டினார். போதகரிடம் அக்காளே எல்லாவற்றையும் சொன்னாள், அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்பாவுடைய கை நடுங்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மாலையில் நான் புறப்படும்போது அக்காள் வாசல்வரை வந்தாள். புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தன் கைப்பேசியை நீட்டினாள்.

"இதில் ஏற்றிவிட்டுப் போ. மீதி எத்தனை ரீல் இருக்கும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குக் குறையாது என்றேன்.