கல்லூரியில் சேர்ந்த பிள்ளை பாதியில் திரும்பாமல் இருக்க...

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் நம் கடைகளுக்கு ஒரு தனி வகை வாடிக்கையாளர் வருவார். சரக்கு வாங்க வருவதில்லை. மண்டியில் மூட்டை தூக்குபவர், சூளையில் கல் அறுப்பவர், மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்கும் அம்மா என்று யாராவது ஒருவர் கடை ஓரமாக நின்று, கூட்டம் குறைந்ததும் மெதுவாகக் கேட்பார்: "பையன் பாஸ் பண்ணிட்டான் முதலாளி. மேலே என்ன படிக்க வைக்கலாம்?"

நாமும் ஏதோ சொல்கிறோம். கையில் இருநூறோ ஐந்நூறோ கொடுத்து "நல்லா படிக்கட்டும்" என்று அனுப்புகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அவர் கேட்டது பணமல்ல, வழி. அந்த வழியை நாமும் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நம் ஊரில் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் டாக்டர் ராதாகிருஷ்ணனை விட்டுவிட்டு எழுத முடியாது. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் பிறந்தவர். எளிய குடும்பம். திருப்பதி, வேலூர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று அவர் படித்த காலம் முழுவதும் கைகொடுத்தது உதவித்தொகைதான். தத்துவம் படித்ததற்குக் காரணமும் அதே வறுமைதான். உறவினர் ஒருவர் பட்டம் முடித்துவிட்டுத் தம் தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்று அந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டார். பழைய புத்தகக் கட்டு ஒன்று ஒருவரை உலகம் அறிந்த தத்துவப் பேராசிரியராகவும், 1962-இல் குடியரசுத் தலைவராகவும் கொண்டு போய் நிறுத்தியது. 1948-இல் இந்தியாவின் பல்கலைக்கழகங்களை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் இவரே.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2021-22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இந்திய அளவில் 28.4 தான். பள்ளிகளில் மதிய உணவு, 69 விழுக்காடு இடஒதுக்கீடு, தொழில் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்தது என்று பல படிகள் ஏறித்தான் இந்த உயரம் வந்தது. இருந்தும் நம் பஜாரைச் சுற்றியுள்ள வீடுகளில் இன்னும் முதல் பட்டதாரிக்காகக் காத்திருப்பவை பல. சேர்ந்தவர்களிலும் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

காகிதம் என்னும் முதல் தடை

கல்லூரி வாசலில் முதலில் தடுப்பது மதிப்பெண் அல்ல, காகிதம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை கையில் இல்லாதவனுக்கு எந்தச் சலுகையும் ஏட்டுச் சுரைக்காய்தான். பெரும்பாலானவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். ஆனால் பழங்குடியினர் சான்றிதழ் மட்டும் தாசில்தார் கையில் இல்லை; கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். நம் வட்டாரத்து இருளர் குடும்பங்களில் பெற்றோரிடமே சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளைக்கு வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு ஓடினால் சேர்க்கை முடிந்துவிடும். பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பித்து வைக்கச் சொல்லுங்கள்.

எல்லையோர ஊர் என்பதால் நமக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோடு மாறியதே ஒழியக் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. பாட்டி வீடு நகரியில் என்று பிள்ளையை இரண்டு மூன்று வருடம் அங்கே படிக்க அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. தமிழ்நாட்டு அரசின் பல சலுகைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இரண்டு வருடம் பின்னால் எவ்வளவு நஷ்டம் என்பதை அனுப்பும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கட்டணமும் கடனும்

நம் ஊரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2020-இல் வந்தது. முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 400 பேர் இதன் வழியாக நுழைந்தார்கள். அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது விரிந்தது. இப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்', 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' என்று அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. திட்டங்களின் விதிகள் அவ்வப்போது மாறும். சேர்க்கை நேரத்தில் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, 7.5 விழுக்காடு எல்லாம் அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். "கலந்தாய்வுக்கு ஏன் காத்திருக்கிறீர்கள், இன்றே சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டு வரும் தரகர்கள் கோடையில் ஊருக்கு ஊர் சுற்றுவார்கள். அவர்களிடம் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவன், இலவசமாகக் கிடைக்க வேண்டியதை லட்சம் கொடுத்து வாங்குகிறான். கள்ளத் தராசைக் கண்டால் நமக்கு உடனே தெரியும். அந்தப் பெற்றோருக்குத் தெரியாது. நாம் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பம் கடனிலிருந்து தப்பும்.

கல்விக் கடன் பற்றியும் பயம் அதிகம். வட்டிக் கணக்கு நமக்குத் தெரிந்த விஷயம்தான், நாமே விளக்கலாம். வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 4 லட்சம் வரை மாணவர் தரப்பில் முன்பணம் போட வேண்டியதில்லை, சொத்து ஜாமீனும் இல்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்த நாட்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில் படிப்பு படித்தால் அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடு 2009-இல் தொடங்கியது. அதற்கும் தனியாக விண்ணப்பித்து வருமானச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பத்தைக் கண்டால் முதலில் வங்கிக்கு அனுப்புங்கள்.

உள்ளே போன பிறகு

இதுவரை சொன்னவை வாசல் வரைக்கும்தான். உண்மையான சங்கடம் உள்ளே இருக்கிறது.

நம் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் மாலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் பி.காம். சேர்ந்தான். கணக்கில் கெட்டிக்காரன், நாலு சரக்கு விலையை வாயாலேயே கூட்டிச் சொல்லுவான். மூன்றாம் பருவத்தில் நின்றுவிட்டான். விசாரித்தபோது, இரண்டு பாடம் அரியர், தேர்வுக் கட்டணமும் பாக்கிக் கட்டணமும் சேர்த்து 2,300 ரூபாய் கட்ட முடியவில்லை, ஹால் டிக்கெட் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். அவன் வேலை செய்த கடையில் ஒருநாள் விற்பனையில் அது எத்தனை பங்கு? கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்று எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா அரசுப் பல்கலைக்கழகத்தில், சில நூறு டாலர் பாக்கிக்காகவே நல்ல மாணவர்கள் பருவந்தோறும் பெயர் நீக்கப்படுவதைக் கண்டுபிடித்தார்கள். 2011 முதல், மாணவன் கேட்கும் வரை காத்திராமல், கணக்கைப் பார்த்து நிர்வாகமே அந்தச் சிறு தொகையைக் கட்டத் தொடங்கியது. அப்படி நின்றவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்றார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் கட்டணப் பாக்கியோடு பாடப் புத்தகமும், பஸ், ரயில் செலவும் கொடுத்து, மாணவனைத் தவறாமல் சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரையும் வைத்தார்கள். ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டாண்டுப் படிப்பை மூன்று ஆண்டுக்குள் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு, இல்லாதவர்களில் 22 தான். ஏறத்தாழ இரு மடங்கு! இங்கே நம் தமிழ்நாட்டில் அகரம் அறக்கட்டளை 2010 முதல் 'விதை' திட்டத்தில் செய்வதும் இதே போன்றதுதான்: இடம் வாங்கிக் கொடுப்பதோடு விடாமல், ஆங்கிலம் பேசப் பயிற்சி, வழிகாட்ட ஆள் என்று கூடவே நடக்கிறார்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்துத் திகைத்து நிற்கும். வீட்டில் கேட்க ஆளில்லை. அந்த முதல் மூன்று மாதம்தான் கண்டம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பையனுடைய அரியரில் நமக்கும் பங்கு உண்டு. ஆடிக் கிருத்திகை எப்போது வருகிறது? கல்லூரி திறந்து முதல் பருவம் சூடு பிடிக்கும் ஜூலை, ஆகஸ்டில். காவடிக் கூட்டம் பஜாரை நிறைக்கும் நாட்களில் நமக்குக் கை போதாது. படிக்கும் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறோம். முந்தின வாரம் சரக்கு இறக்க, பின் வாரம் கணக்குப் பார்க்க என்று பத்துப் பதினைந்து நாள் போய்விடுகிறது. தீபாவளிக்கு ஒரு வாரம், டிசம்பர் 31 இரவு படிபூஜைக் கூட்டத்துக்கு நாலு நாள். கல்லூரியில் 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்தில் 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 22 நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. நாமே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டால் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் அவனுக்கு என்ன மிஞ்சும்?

மகமை புதிதல்ல

வணிகர்கள் கல்விக்குச் செய்வது புதிய யோசனை இல்லை. 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் துபாஷாகவும் வியாபாரத்திலும் ஈட்டிய பொருளிலிருந்து வளர்ந்தவைதான் சென்னையில் அவர் பெயரில் உள்ள கல்வி நிறுவனங்கள். விருதுநகரில் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தும், வீடுதோறும் பிடியரிசி சேர்த்தும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததே. ஒருவர் லட்சம் கொடுத்து நடந்ததல்ல அது. கணக்குப் பிள்ளை தினமும் எழுதிய காலணா அரையணாவால் நடந்தது.

நம் சங்கத்தில் அத்தனை பெரிய ஏற்பாடு உடனே வேண்டாம். கடைக்கு மாதம் 50 ரூபாய் வீதம் 100 கடை சேர்ந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். 2,300 ரூபாய் பாக்கியில் நிற்கும் பிள்ளைகள் 26 பேருக்கு அது போதும். பணத்தை மாணவன் கையில் கொடுக்காமல் கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டால் வீண்பேச்சுக்கும் இடமில்லை. பெயரைப் பலகையில் எழுதிப் போட்டு மேடையில் சால்வை போர்த்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த வருடம் எந்தப் பிள்ளையும் நம்மிடம் வராது.

பணத்தைவிட முக்கியமாகப் படுவது இது. உங்கள் கடையில் மாலையில் வேலை செய்யும் மாணவர் யார், எந்த ஆண்டு, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன, வருகை எத்தனை நாள் என்பதைச் சரக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே கேளுங்கள், அவன் கேட்கக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பழைய புத்தகங்களை எடைக்குப் போடாமல் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பாடவாரியாகப் பிரித்து அலமாரியில் வைக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கும். இந்த ஆடிக் கிருத்திகைக்குக் கல்லூரிப் பிள்ளைகளை மூன்று நாளுக்கு மேல் நிறுத்திக்கொள்வதில்லை, அதுவும் மாலை ஷிப்ட் மட்டும் என்று அடுத்த செயற்குழுவில் முடிவெடுக்கக் கோரியிருக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்.